இடது பக்கத்துச் சாக்சபோன்

வீட்டில் வைத்துக்கொள்ள வேண்டிய ஜாஸ் இசைத்தட்டுகள் பத்தை எழுதித் தரும்படி போன கார்த்திகையில் ஒருவர் என்னிடம் கேட்டார். பட்டியல் எழுதுவது எனக்குச் சிரமமான வேலை அல்ல. சந்தைக்குப் போகவும் எழுதுவேன், பயணம் போகவும் எழுதுவேன். வேலைத்தலத்தில் ஒரு கருவியைத் திறக்க முன்பு எந்த ஆணியை எந்த வரிசையில் கழற்றுவது என்றும் எழுதிவைப்பேன். ஆனால் இந்தப் பத்துக்கு நான்கு மாதம் சென்றது. அவர் கேட்டு ஒரு மாதத்துக்குள் என் இடது காது கேட்காமல் போனது. மற்றக் காதும் போய்விடுமோ என்ற பயத்துக்குள் இருந்துகொண்டுதான் மீதி வரிகளை எழுதினேன்.

கேட்டவர் காத்தான்குடிக்காரர். எங்கள் வைத்தியசாலையின் மருந்துக் களஞ்சியத்தில் வேலை செய்கிறார். நான் அதே வைத்தியசாலையில் மருத்துவக் கருவிகளைத் திருத்தும் பிரிவில் இருக்கிறேன். அண்ணன் என்ற முறையில் அவரை நானா என்று கூப்பிடுவேன். அவருக்கு நான் மிஸ்.

"மிஸ், தம்பி கட்டாரில இருந்து ரெக்கோர்ட் பிளேயர் ஒண்டு அனுப்பிரிக்கான். பெட்டியத் திறந்து பாத்தா தட்டு ஒண்டையும் காணல்ல" என்றார்.

"தட்டு நாமதான் வாங்கணும் நானா."

"அதுதான் கேக்கன். நீங்க கேக்கிற அந்த ஊதுற பாட்டு, அதில பத்து எழுதித் தாங்க. வீட்டுக்கு வாற ஆக்கள் எழும்பி ஓடாத மாதிரி."

"ஓடினா உங்களுக்குச் சாப்பாடு மிச்சம்."

"அப்ப ஒண்டு ரெண்டு ஓடுற மாதிரியும் எழுதுங்க. மச்சினன் வந்தா போடலாம்."

அவருக்குக் கொடுத்த தாளில் பெயர்கள் உண்டு. இங்கே பெயர்களை எழுதவில்லை. மட்டக்களப்பில் இருந்துகொண்டு பெயர் சொல்லித் தட்டு வாங்க முடியாது என்பதை இந்தப் பக்கத்தில் தட்டுச் சேர்ப்பவர்கள் எல்லோரும் அறிவார்கள். கொழும்பில் பழைய தட்டு விற்பவர் பலதையும் ஒரு கட்டாகக் கட்டி அனுப்புவார். அதற்குள் என்ன வருகிறதோ அதுதான். ஆகவே எந்த வகையைத் தேடுவது, உறையின் பின்பக்கத்தில் எதைப் பார்ப்பது என்று தெரிந்திருந்தால் போதும். எனக்கும் அப்படித்தான் முப்பத்தொரு தட்டுகள் சேர்ந்தன. கொழும்பில் படித்த காலத்தில் விடுதிக் களஞ்சிய அறையில் கிடந்த உடைந்த பிளேயர் ஒன்றைத் திருத்தினேன். திருத்தியது ஓடுகிறதா என்று பார்க்கக் கையில் கிடைத்த முதல் தட்டு ஜாஸ். வேறொன்று கிடைத்திருந்தால் வேறொன்றில் விழுந்திருப்பேன்.

நானாவுக்கு முதல் இரண்டு வரியை அன்றைக்கே எழுதினேன். முதலாவது, நான்கு பேர் மட்டும் வாசிக்கும் ஒரு தட்டு: சாக்சபோன், பியானோ, டபிள் பேஸ், ட்ரம்ஸ். ஸ்டீரியோ புதிதாக வந்த காலத்தில் பதிந்தது என்றால் இன்னும் நல்லது. அந்தக் காலத்து ஒலிப்பதிவாளர்களுக்கு இரண்டு ஸ்பீக்கர் கிடைத்த சந்தோசத்தில் என்ன செய்வதென்று தெரியவில்லை. சாக்சபோனை முழுவதும் இடது பக்கத்தில் வைத்தார்கள், பியானோவையும் ட்ரம்ஸையும் முழுவதும் வலது பக்கத்தில் வைத்தார்கள். புதிதாகக் கேட்பவருக்கு அது உதவி. யார் எங்கே நிற்கிறார், யார் யாருக்குப் பதில் சொல்கிறார் என்று கண் பார்ப்பது போலத் தெரியும். இரண்டாவது, ஒரு பெண் பாடும் தட்டு. பின்னணியில் வாத்தியம் குறைவாக இருக்க வேண்டும். வீட்டில் மற்றவர்களைப் பழக்குவதற்கு அது வேண்டும்.

மூன்றாவதை எழுத ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை உட்கார்ந்தேன். முதலாவதாக எழுதிய அதே தட்டைத்தான் ஓட விட்டிருந்தேன். சாக்சபோன் சுவருக்கு அப்பால் இருந்து வந்தது.

நான் அதிரவில்லை. எங்கள் வீடு கல்லடியில், வாவிக்கும் கடலுக்கும் நடுவே ஒடுங்கிக் கிடக்கும் நிலத்தில் இருக்கிறது. எந்தப் பக்கம் காற்றடித்தாலும் உப்புத்தான். கதவுக் கீல் துருப்பிடிக்கும், மின்விசிறிச் சுவிட்ச் பச்சை பூக்கும், அம்பிளிபயரின் பின்னால் வயர் சொருகும் இடங்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை பச்சை பூக்கும். பூத்தால் ஒரு பக்கம் மங்கும். ஸ்பிரிட்டில் பஞ்சைத் தோய்த்துத் துடைத்தால் திரும்பி வரும். இதை நான் எத்தனையோ முறை செய்திருக்கிறேன். அன்றைக்கும் செய்தேன். சாக்சபோன் வரவில்லை.

அடுத்த நாள் வேலைவிட்டு வந்து வயரை மாற்றினேன். அதற்கடுத்த நாள் மீட்டரை எடுத்து இரண்டு பக்கமும் அளந்தேன். இரண்டும் ஒரே அளவைக் காட்டின. கருவி சரி என்று மீட்டர் மூன்றாம் நாளே சொல்லிவிட்டது. நான் மீட்டரின் மின்கலம் இறங்கிவிட்டது என்று நினைத்து, அதை மாற்றி, மீண்டும் அளந்து, மீண்டும் ஒரே அளவைக் கண்டு, அப்படியானால் ஊசிதான் பிழை என்று முடிவு செய்தேன். கொழும்புக்குப் புது ஊசிக்குச் சொன்னேன். அது வர ஐந்து நாள்.

அந்த நாட்களில் இடது காது அடைத்ததுபோல் இருந்ததையும் கவனித்தேன். அதைத் தனியான ஒரு விடயமாக எடுத்துக்கொண்டேன். முந்திய கிழமை கடலில் குளித்திருந்தோம், தண்ணீர் போயிருக்கும். அடுத்த வளவு வீட்டில் இருக்கும் அம்மாவிடம் சொன்னேன்.

"தண்ணிதான் மகள். உள்ளி ரெண்டு பல்லுப் போட்டு எண்ண காச்சி ஊத்துறன். சரிஞ்சி படு" என்றார்.

சரிந்து படுத்தேன். இளஞ்சூடாக எண்ணெய் இறங்கியது. பஞ்சு அடைத்துக்கொண்டு வேலைக்குப் போனேன். பஞ்சு இருந்ததால் காது மந்தமாக இருப்பதற்கு ஒரு காரணமும் கிடைத்தது.

ஒன்பதாம் நாள் ஊசி வந்தது. பூட்டினேன். சாக்சபோன் அப்படியே சுவருக்கு அப்பால் நின்றது. ஸ்பீக்கர்களை விலக்கிவிட்டு ஹெட்போனைச் சொருகிக் கேட்டேன். இடது பக்கம் மந்தம். எங்கள் தொழிலில் பழுது எங்கே என்று தெரியாவிட்டால் செய்கிற கடைசி வேலை ஒன்று உண்டு: இரண்டு பக்கத்தையும் இடம் மாற்றிப் பார்ப்பது. பழுது வயரோடு சேர்ந்து அடுத்த பக்கம் போனால் வயரில் பிழை. போகாவிட்டால் பிழை நின்ற இடத்தில். ஹெட்போனைக் கழற்றித் திருப்பிப் போட்டேன். சாக்சபோன் வலது காதுக்குள் முழுக்க வந்தது, ஊதுபவரின் மூச்சோடு வந்தது. பியானோ போய்விட்டது.

பழுது என்னிடம் நின்றது.

ஹெட்போனைக் கழற்றித் தரையில் வைத்துவிட்டு இருந்தேன். கணவர் மாங்கேணிப் பக்கம் ஒரு பாடசாலையில் கணிதம் படிப்பிக்கிறார். பஸ்ஸில் வந்து இறங்க நாலு மணியாகும். வந்து சப்பாத்தைக் கழற்றும்போதே கேட்டார்.

"என்ன, புது ஊசி வந்திட்டா?"

"வந்திட்டு. மெஷினில பிழை இல்ல."

"அப்ப ஆரில பிழை?"

"எனக்குத்தான்."

"அது எனக்குக் கலியாணம் முடிச்ச அண்டே தெரியும்" என்று சிரித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு ஒரு சப்பாத்தோடு அப்படியே வந்து பக்கத்தில் இருந்தார். அவர் இருந்தது இடது பக்கம். ஏதோ சொன்னார். என்ன சொன்னார் என்று தெரியாது.

அடுத்த நாள் காலை காது, மூக்கு, தொண்டை கிளினிக்கில் கேட்டல் பரிசோதனைக்கு இருந்தேன். ஒலி புகாத அந்தச் சிறிய அறைக்குள் இருக்கும் கருவியை வருடத்துக்கு ஒருமுறை சரிபார்ப்பது நான். எந்தச் சுருதியில் எத்தனை டெசிபெல் வருகிறது என்று எனக்குத் தெரியும். அதனால் என்னை நானே ஏமாற்ற வழி இருக்கவில்லை. வலது காதில் ஒலி வந்தது, பட்டனை அழுத்தினேன், வந்தது, அழுத்தினேன். பிறகு நீண்ட நேரம் ஒன்றும் வரவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பரிசோதிக்கும் பிள்ளையின் கை மட்டும் அசைந்துகொண்டே இருந்தது. அவள் இடது காதுக்கு ஒலியைக் கூட்டிக்கொண்டே போகிறாள் என்று விளங்கியது.

டொக்டர் வரைபைப் பார்த்தார். "எத்தின நாள்?"

"பத்து."

"பத்து நாளா என்ன செய்த நீங்க?"

"அம்பிளிபயரத் திருத்தின."

அவர் சிரிக்கவில்லை. திடீரென்று கேட்காமல் போகும் காதுக்கு முதல் சில நாட்களில்தான் மருந்து அதிகம் பலன் தரும் என்றார். ஆனாலும் மாத்திரை தந்தார், பிறகு செவிப்பறையினூடாக ஊசியும் போட்டார். ஏன் இப்படி வந்தது என்று கேட்டேன். பலருக்குக் காரணம் தெரிவதில்லை என்றார். மற்றக் காது என்று தொடங்கினேன். முடிக்கவில்லை.

"மற்றக் காதுக்குப் பெரும்பாலும் ஒண்டும் நடக்காது. நடக்கவே நடக்காதெண்டு நான் எழுதித் தரமாட்டன். ஏதும் வித்தியாசம் தெரிஞ்சா அண்டைக்கே வாங்க. அடுத்த நாள் இல்ல."

ஆறு கிழமை கழித்துப் பார்த்தபோது இடது காது திரும்பியிருக்கவில்லை.

ஒரு காது போன பிறகு பயம் எப்படி இருக்கும் என்று கேட்பவர்களுக்கு நான் ஒரு காலையைத்தான் சொல்வேன். மார்கழி மழை நேரம். விழித்தேன். ஒன்றும் கேட்கவில்லை. மின்விசிறி இல்லை, குளிர்சாதனப் பெட்டியின் முனகல் இல்லை, தண்ணீர் மோட்டர் இல்லை. போய்விட்டது என்று நினைத்தேன். எழுந்து உட்கார முடியவில்லை. கணவரின் தோளைப் பிடித்து ஆட்டினேன். "என்னடி, கரண்ட் போயிட்டு, படு" என்றார். அந்த நான்கு சொல்லும் கேட்டன. அவர் திரும்பித் தூங்கிவிட்டார். நான் வலது காதின் பக்கத்தில் பெருவிரலையும் சுட்டுவிரலையும் உரசிக்கொண்டு, கரண்ட் வரும்வரை அப்படியே கிடந்தேன்.

இந்த உரசல் ஒரு பழக்கமாகிவிட்டது. எழுந்தவுடன் ஒன்று, பல் தீட்டியபின் ஒன்று, பஸ்ஸில் ஏற முன்பு ஒன்று. மூக்கடைத்தால் பயம். விமானம் போனால் அதைச் சாட்டாக வைத்து அளப்பேன். குளிக்கும்போது தலையில் ஊற்றும் முதல் வாளி மிகக் கஷ்டமானது, ஏனென்றால் அந்த இரண்டு விநாடியும் உண்மையிலேயே ஒன்றும் கேட்காது.

இதற்கிடையில் அம்மா சாப்பிடாமல் கிடந்தார். இரண்டு நாள் கழித்துத்தான் கணவர் சொல்லி எனக்குத் தெரியும். "நான் எண்ண ஊத்தினதாலயா மகள்?" என்று அம்மா கேட்டிருக்கிறார். நான் குசினியில் மீன் கழுவிக்கொண்டிருந்தேன், அம்மா என் இடது பக்கம் நின்றிருக்கிறார். நான் திரும்பவும் இல்லை, பதில் சொல்லவும் இல்லை. அதை ஆம் என்று எடுத்துக்கொண்டு போய்விட்டார். நான் ஓடிப்போய்க் கட்டிலில் இருந்தவரை எழுப்பி, எண்ணெயால் இல்லை, டொக்டரிடம் கேட்டேன், இல்லை என்றார், பிந்திப் போனதுதான் பிழை, அது என் பிழை என்று சொன்னேன்.

"அப்ப ஏன்டி வாய மூடிக்கொண்டு நிண்ட நீ?"

"நீங்க நிண்ட பக்கம் பிழை அம்மா."

"நாசமாப் போன பக்கம்" என்றார். அன்றிலிருந்து என்னோடு பேச வந்தால் முதலில் என்னைச் சுற்றி வருவார்.

நானாவும் சுற்றி வருவார். அவருக்கு ஒருமுறைதான் சொன்னேன். மறுநாளில் இருந்து களஞ்சியத்தில் என்னைக் கண்டால் மேசையைச் சுற்றி வலது பக்கம் வந்து நின்றுகொண்டுதான் வாயைத் திறப்பார். பட்டியலை மட்டும் விடவில்லை.

"மிஸ், பத்துக்கு எத்தின வந்திரிக்கி?"

"ரெண்டு."

"கார்த்திகையிலயும் ரெண்டுதானே. என்ன, குட்டி போடல்லயா?"

அந்த இரண்டில் முதலாவதை வெட்டிவிட்டுத் திரும்பத் தொடங்க வேண்டியிருந்தது. ஏனென்று சொல்கிறேன். ஒரு காதால் கேட்பவருக்கு ஸ்டீரியோ என்பது பாதிப் பாட்டு. நான் அம்பிளிபயரைத் திறந்து, இரண்டு பக்கத்தையும் இரண்டு சிறிய மின்தடைகளால் சேர்த்து, எல்லாம் எல்லாவற்றிலும் வரும்படி செய்தேன். பத்து நிமிட வேலை. ஆனால் பிரித்துப் பதிந்ததைப் பிறகு ஒட்டினால் ஒரு நெரிசல் வரும். சாக்சபோன் பியானோவின் மேல் ஏறி நிற்கும். தொடக்கத்திலேயே ஒரே வழியில் பதிந்த மொனோத் தட்டுகள் வேறு. அவற்றில் வாசிப்பவர்கள் எல்லோரும் ஒரே கதவால் வருகிறார்கள், ஆனால் ஒருவர் முன்னால், ஒருவர் பின்னால், ட்ரம்ஸ்காரர் அறையின் கடைசியில். ஆழம் ஒரு காதுக்கும் தெரியும். என்னிடம் அப்படி ஆறு தட்டு இருந்தது. முன்பு அவற்றைப் பழையது என்று ஒதுக்கியிருந்தேன். ஆகவே பட்டியலின் புது முதலாவது: உறையின் பின்பக்கத்தில் ஸ்டீரியோ என்று எழுதியிராத, ட்ரம்பெட்டும் சாக்சபோனும் சேர்ந்து வாசிக்கும் ஐவர் குழுத் தட்டு ஒன்று. இரண்டு காதும் நல்லாயிருக்கும் நானாவுக்கும் அதைத்தான் முதலில் சொல்வேன். சேர்ந்து வாசிப்பது என்றால் என்ன என்று அதில்தான் விளங்கும்.

இரண்டாவதாகப் பெண் குரல் அப்படியே நின்றது. மூன்றாவது, எல்லோரும் எல்லாப் பட்டியலிலும் தலையில் வைக்கும் மெதுவான ட்ரம்பெட் தட்டு. பழித்தாலும் வாங்க வேண்டும், வீட்டில் யாரும் எதிர்க்காத தட்டு அது ஒன்றுதான். நான்காவது, சிறிய மண்டபத்தில் ஆட்கள் முன்னால் பதிந்த பியானோ மூவர். கிளாஸ் தட்டுப்படுவதும் யாரோ இருமுவதும் கேட்க வேண்டும். அவை கேட்காத அளவுக்குத் துப்புரவாகப் பதிந்திருந்தால் வாங்க வேண்டாம். ஐந்தாவது கித்தாரும் சாக்சபோனும் மெல்லப் போகும் பிரேசில் வகை, விருந்தாளிகளுக்கு. ஆறாவது, பதினைந்து பதினாறு பேர் வாசிக்கும் பெரிய குழு. அது நானா வீட்டுப் பெரிய கூடத்துக்கு. என் அறை அதைத் தாங்காது. ஏழாவது, பியானோவே இல்லாமல் சாக்சபோன், பேஸ், ட்ரம்ஸ் மூன்றும் மட்டும். மச்சினனை ஓடவைப்பதற்கு எட்டாவதை வைத்திருந்தேன், அதை விவரிக்கப் போவதில்லை.

எழுதும்போது இன்னொன்றையும் செய்தேன். அதை யாரிடமும் சொல்லவில்லை. ஒவ்வொரு நாள் காலையும் வேலைக்குப் போக முன்பு ஒரு தட்டின் ஒரு பக்கத்தைப் போட்டுக் கண்ணை மூடிக்கொண்டு மனப்பாடம் செய்தேன். வலது காதும் போய்விட்டால் தலைக்குள் ஓட விடலாம் என்ற எண்ணம். பரீட்சைக்குப் படிப்பது போல. எந்த அடியில் பேஸ் இறங்குகிறது, எந்த இடத்தில் ட்ரம்ஸ்காரர் சிம்பலைக் கையால் பிடித்து நிறுத்துகிறார். மூன்று கிழமையில் ஒன்பது பக்கம் முடித்தேன். பிறகு ஒருநாள், அந்த மூன்று கிழமையில் ஒரு தட்டைக்கூட நான் கேட்கவில்லை என்று தெரிந்தது. எல்லா நேரமும் காதை அளந்துகொண்டிருந்தேன். சிம்பல் நேற்றுப் போல் இருக்கிறதா, ஊதுபவரின் மூச்சு நேற்றுப் போல் வருகிறதா. நிறுத்தினேன். நிறுத்தியதும் பயம் குறையவில்லை, காலை நேரம் மட்டும் மிஞ்சியது.

மாசியில் நானாவுக்குக் கொழும்பில் இருந்து கட்டு வந்தது. பன்னிரண்டு தட்டு. அதில் மூன்று என் பட்டியலுக்குப் பொருந்தின; மச்சினனுக்கான எட்டாவதும் அதற்குள் இருந்தது. ஒரு புதன்கிழமை இருவரும் அரைநாள் லீவு எடுத்து, பிளேயரைப் பூட்டிக் கொடுக்க அவர் வீட்டுக்குப் போனோம். நானாவின் மனைவி வாசலிலேயே பிடித்துக்கொண்டார்.

"வாங்க தங்கச்சி. இந்த மனிசன் மூணு மாசமா பெட்டியத் துடைக்கிறதும் மூடுறதும். புள்ளையளத் தொட விடல்ல. என்னயும் தொட விடல்ல."

"உன்னத் தொட விட்டா நீ அதில மாப்போட்டு ரொட்டி தட்டுவாய்" என்றார் நானா.

"தட்டினா நீங்கதானே திங்கிற."

பூட்டி முடித்து மொனோத் தட்டைப் போட்டேன். ஊசி இறங்கியது. ட்ரம்பெட்டும் சாக்சபோனும் ஒன்றாகத் தொடங்கின. நானா சாய்மனைக் கதிரையில் முன்னுக்கு வந்து இருந்தார். மனைவி இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, "கலியாண ஊர்வலம் வழி தவறிப் போன மாதிரி இரிக்கி" என்றார். நான் சிரித்தேன். அந்தச் சிரிப்புக்குள்தான் வலது காதில் அது தொடங்கியது. தாழ்ந்த ஒரு இரைச்சல். ம் என்று வாயை மூடிக்கொண்டு இழுப்பது போல, பாட்டுக்கு அடியில், நிற்காமல்.

பிளேயரின் எர்த் வயர் சரியாக இறுகாவிட்டால் இப்படித்தான் இரையும். என் கை தானாகப் பிளேயரின் பின்பக்கத்துக்குப் போனது. விரல் வயரைத் தேடியது. அந்த வயரை இறுக்கிப் பார்ப்பேன், இரைச்சல் நிற்காவிட்டால் மற்றச் சொருகியைப் பார்ப்பேன், பிறகு ஸ்பீக்கரை, பிறகு சுவர்ப் பிளக்கை. நாலு மணிக்குக் கிளினிக் மூடிவிடும். மணி இரண்டு பத்து.

கையை எடுத்தேன். "நானா, ஓட்டோ ஒண்டு பிடிங்க. வைத்தியசாலைக்கு."

"என்ன மிஸ்?"

"காது."

அவர் தெருவுக்கு ஓடி ஓட்டோ ஒன்றை நிறுத்தினார். மனைவி முக்காட்டைச் சரிசெய்துகொண்டு என்னோடு ஏறிவிட்டார். எனக்கு வலது பக்கத்தில் இருந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, வழி முழுக்க உதடு அசைய ஓதிக்கொண்டு வந்தார். அவர் ஓதுவது கேட்கிறதா என்று கவனித்தேன். ஓட்டோவின் இரைச்சலில் எது கேட்கிறது, எது கேட்கவில்லை என்று பிரிக்க முடியவில்லை. அவர் தன் காலை என் காலோடு சேர்த்து வைத்தார்.

அறைக்குள் என்னை இருத்திக் கதவைச் சாத்தினார்கள். ஹெட்போனைப் போட்டேன். இரைச்சல் இருந்ததா? இருந்தது என்றும் இல்லை என்றும் இரண்டு விதமாகவும் தோன்றியது. ஒலி வந்தது. பட்டனை அழுத்தினேன். மறுபடி வந்தது, அழுத்தினேன். மூன்றாம் முறை அழுத்தியபோது பரிசோதிக்கும் பிள்ளை கதவைத் திறந்து தலையை நீட்டினாள்.

"மிஸ், நான் இன்னும் தொடங்கவே இல்ல."

தண்ணீர் தந்தாள். ஐந்து நிமிடம் பொறுத்துத் தொடங்கினாள். முடித்து வரைபை எனக்கு முன்னாலேயே வைத்தாள், நான் வாசிப்பேன் என்று அவளுக்குத் தெரியும். வலது காது எல்லாப் புள்ளியிலும் முன்பு போல, தாழ்ந்த சுருதியில் ஒரு புள்ளி மட்டும் பத்து டெசிபெல் கீழே. ஐந்து என்றால் நான் கவலைப்பட மாட்டேன், கருவியிலும் ஆளிலும் ஐந்து வித்தியாசம் வரும். பதினைந்து என்றால் சந்தேகமே இல்லை. பத்து நடுவில் நின்றது.

டொக்டரும் அதைத்தான் சொன்னார். "இது ஒண்டும் இல்லாமலும் இருக்கலாம். ஆனா உங்களுக்கு இருக்கிறது ஒரு காது. நான் இண்டைக்கே தொடங்கப் போறன்." முதல் மாத்திரையை அங்கேயே எடுக்கச் சொன்னார். நானாவின் மனைவி கைப்பையில் இருந்து தண்ணீர்ப் போத்தலை எடுத்து மூடியைத் திறந்து தந்தார். விழுங்கும்போது மணி மூன்று நாற்பது. போனமுறை பத்து நாள். இந்தமுறை ஒன்றரை மணித்தியாலம்.

ஒரு கிழமை கழித்துப் பார்த்தபோது அந்தப் புள்ளி தன் இடத்தில் இருந்தது. மாத்திரையால் திரும்பி வந்ததா, போகவே இல்லையா என்று டொக்டராலும் சொல்ல முடியவில்லை.

பட்டியலை முடித்துப் பங்குனியில் நானாவிடம் கொடுத்தேன். ஒன்பதாவதாகத் தனிப் பியானோ. பத்தாவதாக ஆர்கன் வாசிக்கும் ஒரு தட்டு, அது அவர் மனைவிக்கு, தேவாலயத்துக்கும் திருவிழாவுக்கும் நடுவில் ஒரு சத்தம். அவர் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மேசையைச் சுற்றி வலது பக்கம் வந்தார்.

"மிஸ், அண்டைக்கு நீங்க போன பொறகு நான் பிளேயருக்குப் பின்னால பாத்த. அதில..."

"சொல்லாதீங்க நானா."

"என்னத்த?"

"பின்னால என்ன இருந்ததெண்டு."

அவர் என்னைப் பார்த்தார். வயர் கழன்றிருந்தது என்று அவர் சொன்னால் அன்றைக்கு எனக்குச் சந்தோசமாக இருக்கும். ஆனால் அடுத்தமுறை அந்த இரைச்சல் வரும்போது என் கை மறுபடி வயரைத்தான் தேடும். வயர் இறுக்கமாக இருந்தது என்று சொன்னால் நான் தூங்க மாட்டேன். இரண்டில் எது என்று எனக்குத் தெரியக்கூடாது.

"சரி மிஸ்" என்றார். "ஆனா ஒண்டு சொல்லலாம்தானே. எட்டாவதப் போட்டன். மச்சினன் ஓடல்ல. இப்ப ஒவ்வொரு கிழமையும் வாறான்."